ஒரு படியின் உயரம்: தொன்மைச் சின்னங்களை எல்லோரும் சென்றடைய வழி செய்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய கோயில், அரண்மனை, கோட்டை எதுவாக இருந்தாலும் அதன் வாசற்படி ஒன்று பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஒரு சாணுக்கும் குறைவான அந்த உயரம் நடக்கக்கூடியவரின் கவனத்தில் படுவதே இல்லை. கால் தானாக ஏறிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது சுவர். மூட்டு தேய்ந்த வயதான பெண்ணுக்கு, பிடித்துக்கொள்ளக் கம்பியோ தூணோ பக்கத்தில் இல்லாவிட்டால், ஏறுவதா திரும்புவதா என்று நின்று யோசிக்கும் இடம். பார்வையற்றவருக்கு, படி தொடங்குவதை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளம் தரையில் இல்லாவிட்டால், தடுக்கி விழும் இடம். தொன்மைச் சின்னங்களில் அணுகல் என்று கருத்தரங்குகளில் பேசப்படும் பெரிய விஷயம் இந்த ஒரு சாணிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை.

அணுகல் என்பது எது, எது அல்ல

ஒருவர் தம் வயது, உடல்நிலை, பார்வை, செவித்திறன் எப்படி இருந்தாலும் ஓர் இடத்துக்குத் தாமாகவும் பிறருக்குச் சமமான மதிப்போடும் வந்து, அங்கே இருப்பதைப் பார்த்தோ கேட்டோ தொட்டோ அறிந்து, பத்திரமாகத் திரும்பிப் போக முடிந்தால் அந்த இடம் அணுகத்தக்கது. இந்த வரையறையில் "தாமாக" என்ற சொல்லும் "மதிப்போடு" என்ற சொல்லும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவை ஒரு பழைய கோயிலுக்கு அழைத்துப் போனோம். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தார். மகாமண்டபத்துக்கு ஐந்து படிகள். நாங்கள் கேட்பதற்கு முன்பே நான்கு பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். அவர்களுடைய நல்ல மனத்தைக் குறை சொல்வதற்கில்லை. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் பெரியம்மா சொன்னார்: "சாமியைப் பாத்த ஞாபகமே இல்லடா. எறங்கும்போது கீழ போட்டுருவாங்களோன்னுதான் உள்ள நின்ன நேரம் பூரா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." ஆள் வைத்துத் தூக்குவது அவசரத்துக்கு உதவும் ஏற்பாடு. அதை நம்பி ஓர் இடத்தை அணுகத்தக்கது என்று சொல்லிவிட முடியாது. மின்கலத்தோடு கூடிய சக்கர நாற்காலியாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்குவது ஆபத்து.

இது யாருக்கான தேவை என்ற கேள்விக்கு, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளாகத்தான் கேட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆகவே உண்மையான எண்ணிக்கை இன்னும் பெரிது என்று கொள்வதில் தவறில்லை. அதற்கும் வெளியே, மூச்சு வாங்கும் முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வரும் பெற்றோர், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கூட்டத்தில் சேரத்தான் போகிறோம்.

சட்டம் சொல்வது

2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டு ஏற்புறுதி செய்தது. அதன் 30ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதைப் பற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களுக்கும் இடங்களுக்கும் இயன்றவரை வழி செய்ய வேண்டும் என்று அது குறிப்பிட்டே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017இல். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் அணுகல் தரங்களைப் பற்றிய 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, சட்டம் கேட்பதோ கட்டாயத் தரம் என்று சுட்டிக்காட்டி, அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கு அது.

இன்னொரு பக்கம், 1958ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் மாற்று என்கிறது, இன்னொன்று கை வைக்காதே என்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் நிதானமாகப் படித்தால் முரண்பாடு அவ்வளவு பெரியதல்ல என்பது புரியும். அதைப் புரிந்துகொள்ளச் சாய்தளத்தின் கணக்கையும், பழங்கட்டடப் பாதுகாப்பின் அடிப்படையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

சாய்தளம் என்றால் படிக்குப் பக்கத்தில் சிமென்டைக் கொட்டிச் சரிவாக இழுத்துவிடுவது என்றே பல ஒப்பந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 18 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளமான சரிவு தேவை. அப்படி மூன்று படிகள் என்றால் ஆறரை மீட்டர். சரிவு இதைவிடச் செங்குத்தானால், கையால் சக்கரம் தள்ளி வருபவர் பாதியில் நின்றுவிடுவார், அல்லது நாற்காலி பின்பக்கம் கவிழும். இறங்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். சரிவின் மேலும் கீழும், 9 மீட்டருக்கு ஒருமுறை நடுவிலும், நாற்காலி நின்று இளைப்பாறச் சமதளம் வேண்டும். நாற்காலி முழுமையாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடமும், நுழைய 90 சென்டிமீட்டர் அகலமான வாசலும் வேண்டும்.

இப்போது ஒன்றரை மீட்டர் உயரமான அதிட்டானத்தின்மேல், அதாவது கல் அடித்தளத்தின்மேல், நிற்கும் ஒரு மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். 1:12 கணக்கில் 18 மீட்டர் சரிவு. இடைத்தளங்களையும் சேர்த்தால் 20 மீட்டரைத் தாண்டும். குமுதம், பட்டிகை என்ற கல்லடுக்குகளும் யாளி வரிசையுமாகச் செதுக்கிய அந்த அதிட்டானத்தின் முன்னே 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவை நிறுத்தினால் பார்க்க வந்த சிற்பமே மறைந்துவிடும். தொன்மைச் சின்னம் மற்றக் கட்டடங்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். அரசு அலுவலகம் என்றால் முகப்பை இடித்துக்கூட வழி செய்யலாம். இங்கே தடையாக இருப்பதே சில சமயம் காக்கப்பட வேண்டிய பொருளாகவும் இருக்கிறது.

பழையதன் மேல் புதியதை எப்படி வைப்பது

பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமாகிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்திலிருந்து வளர்ந்துவந்த பாதுகாப்பு நெறிகளை எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்: தேவையான அளவு மட்டும் செய், செய்தது புதியது என்று பார்த்தவுடன் தெரியட்டும், நாளை எடுத்துவிட்டால் பழையது அப்படியே இருக்கட்டும். மூன்றாவது நெறிக்கு மீள்தன்மை என்று பெயர், அணுகல் ஏற்பாடுகளுக்கு மிகவும் பயன்படுவதும் அதுதான். கல்லில் துளை போடாமல், தன் எடையிலேயே நிற்கும் மரச் சரிவையோ உலோகச் சரிவையோ வைக்கலாம். அடியில் ரப்பர் விரிப்பு இட்டால் தளக்கல்லில் கீறல் விழாது.

துளை போடுவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றின் மேலுள்ள பார்த்தினான் கோயிலே அதற்குப் பதில் சொல்லும். பழைய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இணைக்க இரும்புப் பிணைப்புகளைப் பயன்படுத்தியபோது அவற்றின்மேல் ஈயம் வார்த்து மூடினார்கள். காற்றும் நீரும் படாததால் இரும்பு நெடுங்காலம் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிக்கோலாஸ் பாலனோஸ் என்ற பொறியாளர் செய்த மறுசீரமைப்பில் ஈயம் பூசாத இரும்பு உள்ளே போயிற்று. இரும்பு துருப்பிடிக்கும்போது பருமன் கூடும். உள்ளிருந்து நெருக்கி அது பளிங்கையே பிளந்தது. பின்னர் வந்தவர்கள் அந்த இரும்பையெல்லாம் தேடித்தேடி எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. நம் கோயில்களில் கைப்பிடிக்காகக் கருங்கல்லில் குழி வெட்டி இரும்புக் கம்பியை நட்டு, சிமென்ட் வைத்து அடைக்கும்போது அதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு அருகில் சிமென்ட் பூசினால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துக் காரை உதிரும். ஆகவே தொல்லியல்காரர்கள் "சிமென்ட் சரிவு வேண்டாம்" என்று சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "சிமென்ட் வேண்டாம்" என்பதைச் "சரிவே வேண்டாம்" என்று மாற்றிவிடும் அலுவலகப் பழக்கத்தில் நியாயம் இல்லை.

அதே அக்ரோபோலிஸ் குன்றில், 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக் போட்டிகளை ஒட்டி வடக்குப் பக்கச் செங்குத்துப் பாறையில் ஒரு மின்தூக்கி பொருத்தப்பட்டது. அது பழுதாகி, பின்பு புதிய சாய்வு மின்தூக்கி அமைக்கப்பட்டு 2020 டிசம்பர் 3 அன்று, உலக மாற்றுத்திறனாளிகள் நாளில், திறக்கப்பட்டது. மேலே வந்தவர்கள் கரடுமுரடான பாறையில் நாற்காலியை நகர்த்த முடியாது என்பதால் கான்கிரீட் பாதைகளும் போடப்பட்டன. அங்கேதான் சண்டை தொடங்கியது. மின்தூக்கியைப் பெரும்பாலோர் வரவேற்றார்கள். பாறையை மூடும் கான்கிரீட்டின் அகலத்தையும் தோற்றத்தையும் தொல்லியலாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே விரிப்பு இருக்கிறது, வேண்டும்போது எடுத்துவிடலாம் என்பது அதிகாரிகளின் பதில். என் கருத்தில் இரு தரப்பிலும் உண்மை உண்டு: குறுகிய ஒரு பாதை போதுமான இடத்தில், கூட்டத்தைச் சமாளிக்கும் வசதிக்காக அகலமான தளத்தைப் போட்டுவிட்டு, பெயரை மட்டும் மாற்றுத்திறனாளிகள்மேல் போடுவது அவர்களுக்கே செய்யும் அநியாயம்.

இத்தாலியின் பொம்பெய் நகரிலோ வேறு வழி. எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடைத்த அந்த நகரத் தெருக்களில் பெரிய பாவுகற்கள் மேடுபள்ளமாகக் கிடக்கின்றன, அவற்றைத் தொடவில்லை. நடைபாதை ஓரங்களையும் இணைப்புத் தளங்களையும் சீர்செய்து, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சக்கர நாற்காலி செல்லக்கூடிய ஒரு தடத்தை 2016இல் திறந்தார்கள். எல்லாத் தெருவுக்கும் போக முடியாது. ஆனால் நகரம் எப்படி இருந்தது என்பதைத் தொடர்ச்சியாக உணர முடியும்.

தாராசுரத்தில் ஒரு நடை

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2004 முதல் உலக மரபுச் சின்னங்களில் ஒன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தாலும் பூசை நடக்கும் கோயில். அணுகலைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

முன்பக்கம் பலிபீடத்தருகே சிறிய கற்படிகள் இருக்கின்றன. தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்புபவை. ஆள் ஆளாகத் தட்டியும் ஏறியும் தேய்ந்துவிடக்கூடாது என்பதால் இரும்புக் கம்பியடைப்பு போட்டு மூடியிருக்கிறார்கள். அதாவது கல்லைக் காக்க எல்லோரையும் தள்ளி நிறுத்துவதற்கு நாம் தயங்குவதே இல்லை, அதற்காகப் புதிய இரும்பை அங்கே வைக்கவும் தயங்குவதில்லை. சிலரை உள்ளே விடுவதற்காக ஒரு மரப்பலகையை வைக்கச் சொன்னால் மட்டும் ஏன் சின்னத்தின் தோற்றம் நினைவுக்கு வருகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது ராஜகம்பீரன் திருமண்டபம். மண்டபமே தேர் என்பது சிற்பியின் கற்பனை: பக்கத்தில் சக்கரம், இழுத்துக்கொண்டு பாயும் குதிரை, மேலே ஏறப் பக்கவாட்டுப் படிகள், படிகளுக்குப் பிடிச்சுவர்கள். இந்தப் படிகளின்மேல் சரிவு போடுவதை நானே எதிர்ப்பேன். தேரின் உருவமே அந்தப் படிகளில்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், படிகளை மறைக்காத வேறு முகம் உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கே அதிட்டானத்தில் கல்வெட்டு இல்லாத, சிற்பம் குறைந்த ஒரு பகுதி இருந்தால், கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் மேடைத்தூக்கி ஒன்றை அதன் பக்கத்தில் தரையில் நிறுத்தலாம். பயன்படாத நேரத்தில் தரையோடு தாழ்ந்துவிடும். கல்லோடு எந்த இணைப்பும் வேண்டாம். அப்படி ஒரு பகுதியும் இல்லையென்றால், மண்டபத்துக்குள் இருப்பதைக் கீழேயே உணரச் செய்யும் வழியைத் தேட வேண்டும். எது முடியும் என்பதைக் கட்டடக் கலைஞர், கல்வெட்டறிஞர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் மூவரும் சேர்ந்து ஒரு நாள் அங்கேயே நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். மூன்றாமவர் பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை. கட்டி முடித்த பிறகு ஒளிப்படத்துக்கு மட்டும் அழைக்கிறார்கள்.

மண்டபத்தை விடுங்கள். கீழே திருச்சுற்றில் வலம் வந்தாலே அதிட்டானச் சிற்பங்களும், நாயன்மார்களின் வரலாறு சொல்லும் சிறிய புடைப்புச் சிற்ப வரிசையும் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கு நின்று பார்ப்பவரைவிட அவை இன்னும் நெருக்கம். ஆகவே வலம்வரும் பாதை சமமாகவும் இடைவெளியின்றியும் இருந்தாலே பாதிக் கோயில் கிடைத்துவிடுகிறது. இதற்கு மின்தூக்கி வேண்டாம், பெருந்தொகை வேண்டாம். புல்தரைக்கும் கல்தளத்துக்கும் நடுவே உள்ள விளிம்பைச் சரிசெய்தால் போதும்.

பழமையின் தலையில் போடக்கூடாத பழி

பொதுவாகத் தடை என்றவுடன் சோழர் காலத்துப் படிக்கட்டைத்தான் குற்றம் சொல்கிறோம். ஒரு நாள் அளவுநாடாவோடு பேருந்து நிறுத்தத்திலிருந்து கருவறை வரை நடந்து பாருங்கள். தடைகளில் பெரும்பாலானவை கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்தவையாக இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கும் வாசலுக்கும் நடுவே உடைந்த நடைமேடை. நுழைவுச்சீட்டுச் சாளரம் நின்றவர் தோளுயரத்தில். வாகனம் நுழையாமலிருக்க நட்ட குட்டைத் தூண்களின் இடைவெளி நாற்காலிக்குப் போதாது. தரிசன வரிசைக்காகப் போட்ட எவர்சில்வர் தடுப்புகள் ஓர் ஆள் மட்டும் ஒருக்களித்துப் போகும் அகலத்தில், நான்கைந்து முறை வளைந்து வளைந்து செல்கின்றன. உள்ளே நுழைந்தவர் நடுவில் வெளியேறவும் முடியாது. பளபளப்பாக மெருகேற்றிய புதிய கிரானைட் தளம், எண்ணெயும் தண்ணீரும் பட்டால் வழுக்கும். பழைய கொத்துக்கல் தளம் வழுக்காது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றை அகற்றத் தொல்லியல் துறையின் அனுமதியோ மத்திய அரசின் நிதியோ பெரும்பாலும் தேவைப்படாது. அணுகல் என்பது ஒரு சங்கிலி. பத்துக் கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் மற்ற ஒன்பதும் பயனற்றவை. வாசலில் அழகான சாய்தளமும், கழிப்பறைக்கு இரண்டு படிகளும் இருந்தால், வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் அரை மணி நேரத்தில் திரும்பிப் போவார்.

வழிபாடு நடக்கும் இடங்களில்

கோயில்களில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: தெருவில் ஓடிய சக்கரம் உள்ளே வரலாமா என்ற கேள்வி. பல இடங்களில் கோயிலுக்குச் சொந்தமான நாற்காலி ஒன்றை உள்ளே வைத்து, வருபவரை அதற்கு மாறச் சொல்கிறார்கள். வயதானவருக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் தண்டுவடக் காயம் உள்ளவரின் நாற்காலி அவர் உடலுக்கென்று அளவெடுத்துச் செய்தது. மெத்தை மாறினால் உணர்ச்சியில்லாத இடத்தில் அழுத்தப் புண் வரும், ஒவ்வொரு முறை மாறுவதும் விழும் அபாயம். சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவதோ, சக்கர உறை தருவதோ எளிது. அதேபோல், காலிப்பரோடு (காலைத் தாங்கும் உலோகச் சட்டத்தோடு) சேர்ந்த காலணியைக் கழற்றச் சொல்வது நடக்கக்கூடிய ஒருவரின் காலைக் கழற்றச் சொல்வதற்கு ஒப்பாகும். காவலில் நிற்பவருக்கு இதை எழுத்தில் தெரிவித்துவிட்டால் வாசலில் வாக்குவாதமே எழாது.

நிலைவாசலின் குறுக்குப் படியை மிதிக்காமல் தாண்டுவதும் தொட்டுக் கும்பிடுவதும் நம் வழக்கம். அதை உடைக்க வேண்டியதில்லை. இருபுறமும் சரிந்து, நடுவில் பாலம்போல் உயர்ந்து, நிலைப்படியைத் தொடாமலே கடக்கும் மரப்பலகை ஒன்றைத் தச்சர் இரண்டு நாளில் செய்துவிடுவார். கோடையில் கால் சுடாமலிருக்கப் பிராகாரத்தில் நார் விரிப்பு போடுகிறோமே, அதன் ஓரம் சுருண்டால் நாற்காலியின் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்பதையும் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது.

மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்குப் பழனியைக் காட்டலாம். 1966 முதல் அங்கே விஞ்சு ஓடுகிறது. 2004இல் ரோப்கார் வந்தது. வேண்டுதல் உள்ளவர்கள் இன்றும் காவடியோடு படியேறுகிறார்கள். முடியாதவர்கள் விஞ்சில் போகிறார்கள். மலையின் பெருமை ஓர் அடியும் குறையவில்லை.

2001 ஜனவரியில் இயற்பியலறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது, குதுப்மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட சில சின்னங்களில் தொல்லியல் துறை தற்காலிக மரச் சரிவுகளை அமைத்தது. முடியாது என்று சொல்லப்பட்டுவந்தது முடிந்தது. கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கண்ணுக்கும் காதுக்கும்

அணுகல் என்றால் சக்கரம் மட்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பார்வையற்ற ஒருவருக்கு ஒரு சிற்பத்தின் முன்னால் நின்று "இங்கே ஒரு யானை இருக்கிறது" என்று சொல்வதால் என்ன கிடைக்கும்? கல் சிற்பங்களைத் தொட அனுமதிப்பதில்லை. பல்லாயிரம் விரல்களின் எண்ணெயும் வியர்வையும் காலப்போக்கில் மேற்பரப்பைக் கெடுக்கும் என்பது உண்மையான காரணமே. அதற்கு மாற்று, தொட்டறியும் பிரதி. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் திறக்கப்பட்ட "அனுபவ்" காட்சிக்கூடம் தொட்டுப் பார்ப்பதற்கென்றே செய்த பிரதிகளைக் கொண்டது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: மாமல்லபுரத்தில் இன்றும் உளிச்சத்தம் ஓயவில்லை, 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் பெரும்பாறைச் சிற்பத்திலிருந்து தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் அதே வகைக் கல்லில் அதே ஊர்ச் சிற்பி செதுக்கி, இடுப்புயரப் பீடத்தில் வைத்தால், பார்வையற்ற குழந்தை மட்டுமா தொடும்? எல்லாக் குழந்தைகளும் வரிசையில் நிற்கும்.

பிரெய்ல் பலகை நல்லதுதான். ஆனால் பிரெய்ல் படிக்கத் தெரியாத பார்வையற்றவர்கள் மிகுதி, ஆகவே ஒலி விளக்கமும் வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு வழிகாட்டியின் பேச்சால் பயனில்லை. இந்திய சைகை மொழிக் காணொளியும், எழுத்து விளக்கமும் வேண்டும். அந்த எழுத்து விளக்கம் "திராவிட விமான பாணியின் பரிணாமத்தில் ஒரு மைல்கல்" என்று தொடங்கினால் அது யாருக்கும் பயன்படாது. அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவரை மனத்தில் வைத்து எளிமையாக எழுதிய பலகையைத்தான் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளும் நின்று படிப்பார்கள்.

முடியாத இடங்கள்

எல்லா இடத்துக்கும் வழி செய்ய முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை இருக்கிறது. சமண முனிவர்களின் வழுவழுப்பான கற்படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. குகைக்குப் போகப் பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் அது. அங்கே ஏறும் சிரமமே அந்த இடத்தின் பொருள். ஊரைவிட்டு விலகி இருக்கத்தானே அவர்கள் அந்தப் பாறையைத் தேர்ந்தார்கள். ஏழு குழிகளை மூடிச் சரிவு அமைத்தால் பெயர்கூட மிஞ்சாது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் இத்தகைய நிலைக்கு ஒரு வழி சொல்கின்றன: வரலாற்று மதிப்பை அழிக்காமல் ஒரு பகுதிக்கு வழி செய்ய முடியாதபோது, அந்தப் பகுதியைப் படம், ஒலி முதலியவற்றால் காட்டலாம். நாமும் இதைத் தெரியாமலே செய்துகொண்டுதான் இருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நடையில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் யாரும் நேரில் பார்க்க முடியாது. இடம் குறுகியது, மூச்சின் ஈரமே ஓவியத்துக்குக் கேடு. எத்தனை படி வேண்டுமானாலும் ஏறக்கூடியவரும் படத்தில்தான் பார்க்கிறார். எல்லோருக்கும் ஒரே கதவு மூடியிருக்கும்போது படத்தைப் பார்ப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் முயன்று பார்க்காமலே சிலருக்கு மட்டும் "நீங்கள் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது அது வேறு. படமும் மாதிரியும் எல்லா வழிகளையும் ஆராய்ந்த பிறகு வரும் கடைசி ஏற்பாடாகவே இருக்க வேண்டும்.

போவதற்கு முன்பே தெரிய வேண்டியது

செலவே இல்லாத ஓர் ஏற்பாடு உண்டு, அது தகவல். "மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி உண்டு" என்ற ஒற்றை வரியை நம்பி இருநூறு கிலோமீட்டர் வந்தவரின் ஏமாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் சாய்தளம் இருந்தது. அது இருந்த பக்கவாசல் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: கிழக்கு வாசலில் மூன்று படிகள், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர், வலப்புறம் கைப்பிடி உண்டு. வடக்கு வாசலில் படி இல்லை, அகலம் 95 சென்டிமீட்டர், காலை 6 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். திருச்சுற்று கல்தளம், தென்மேற்கு மூலையில் 10 மீட்டர் தூரம் மண்தரை, மழை பெய்தால் சேறாகும். மகாமண்டபத்துக்குச் சக்கர நாற்காலி போகாது. கழிப்பறை வடக்கு வாசலுக்கு வெளியே, 60 மீட்டர். நடுவில் உட்காரத் திண்ணை இரண்டு இடத்தில் உண்டு. வடக்கு வாசல் சாவி இருப்பது இந்த எண்ணில்.